வியட்நாம் மலைநாட்டுச் சாடி மதுவை நண்பர்களோடு குடிக்கப் போகிறீர்களா?

ஆறு நண்பர்கள் வியட்நாம் மலைநாட்டு நகரமான புவோன் மா துவோட் போகிறீர்கள், அங்கே சாடியில் மூங்கில் குழாய் விட்டு உறிஞ்சும் அரிசி மதுவை எப்படிக் குடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதன் பெயர் ருவோவ் கன். ருவோவ் மது, கன் அந்தக் குழாய். அந்த மலைநாட்டுப் பழங்குடிகளான எடே, ஜராய், பானார், முனோங் மக்கள் விருந்துக்கும் சடங்குக்கும் வைப்பது. காய்ச்சி இறக்கிய சாராயம் இல்லை, வெறுமனே புளிக்கவைத்த மது. வேகவைத்த அரிசியை (ஒட்டும் ரகம்தான் விசேஷம், நம் கவுனி அரிசி போல, சில ஊர்களில் மரவள்ளியோ சோளமோ) பாயில் பரப்பி, கை பொறுக்கும் அளவுக்கு ஆறவிட்டு, காட்டு இலையும் வேரும் அரிசி மாவும் சேர்த்துப் பிடித்த நொதி உருண்டையைப் பொடித்துத் தூவுவார்கள். சூட்டோடு தூவினால் நொதி செத்துப்போகும். பிறகு உமியைக் கலந்து சாடியில் அடைத்து, வாழையிலையால் வாயை மூடி ஏறக்குறைய ஒரு மாதம் வைப்பார்கள். அந்த உமிதான் முக்கியம். அது இல்லாவிட்டால் சோறு களியாகிக் குழாயை அடைத்துவிடும்.

சாடிக்குள் திரவம் அதிகம் இருக்காது. குடிக்கும் நாளில்தான் மூடியைத் திறந்து விளிம்புவரை தண்ணீர் ஊற்றுவார்கள். ஊற்றிய பிறகு கொதிக்க வைப்பதில்லை என்பதால், கேன் தண்ணீரோ கொதித்து ஆறிய தண்ணீரோ ஊற்றச் சொல்லிக் கேளுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஊற்றியபின் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். பலர் சொதப்புவது இங்கேதான்: உடனே உறிஞ்சிவிட்டு "சப்பென்று இருக்கிறது" என்பார்கள். கிளறவும் கூடாது, கிளறினால் உமி எழும்பி வாய்க்கு வரும்.

குழாயின் அடிநுனியில் சிறு கீறல்களோ துளைகளோ இருக்கும், அதுதான் வடிகட்டி. அடைத்துக்கொண்டால் உள்ளே ஊதாதீர்கள். லேசாகத் தூக்கி, திருப்பி, மறுபடி இறக்குங்கள். குழாயில் பூஞ்சணம் பிடித்திருந்தால் வேறு கேளுங்கள். ஒரே குழாயில் வாய் வைக்கத் தயக்கம் என்றால், ஆளுக்கொரு குழாய் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

அளவு முறைதான் இதில் அழகு. சாடி வாயின் குறுக்கே ஒரு மூங்கில் பட்டை, அதிலிருந்து கீழே நீட்டிய சின்னக் குச்சி. தண்ணீர் விளிம்பில் தளும்பி நிற்கும். குச்சியின் நுனி வெளியே தெரியும்வரை உறிஞ்சினால் உங்கள் முறை முடிந்தது. மறுபடி ஊற்றி அடுத்தவருக்கு. குச்சி சின்னதாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், சாடியின் வாயைப் பாருங்கள். வாய் 10 செ.மீ. அகலம், குச்சி 2 செ.மீ. என்றால் ஒரு முறைக்கு 150 மி.லி.க்குச் சற்று மேல். அதே குச்சி 15 செ.மீ. வாயில் என்றால் 350 மி.லி.!

மேலே ஊற்றுவது தண்ணீர், நீங்கள் உறிஞ்சுவது அடியில் தேங்கிய கடுமையான மது. ஆகவே முதல் சுற்றுகளில்தான் வீரியம் அதிகம். இனிப்பும் லேசான புளிப்பும் அதை மறைத்துவிடும். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள். ஊற்ற ஊற்ற நீர்த்துப்போகும். இனிப்பே இல்லாமல் காடியாகக் கடித்தால் காற்றுப் புகுந்து கெட்ட சாடி, விட்டுவிடலாம்.

வீட்டார் முதலில் குடித்துக் காட்டிய பிறகே விருந்தாளி குடிப்பது வழக்கம். எடே மக்கள் தாய்வழிச் சமூகம், பெண்களுக்கே முன்னுரிமை. நண்பர் கூட்டத்தில் பெண்கள் இருந்தால் அவர்களை முன்னே விடுங்கள். குழாயை அப்படியே விட்டுவிட்டு எழுந்திருக்காமல் அடுத்தவர் கையில் கொடுங்கள். போதும் என்றால் ஒரு வாய் மட்டும் உறிஞ்சிவிட்டுக் கைமாற்றலாம்.

இன்னொன்று: வாடகை பைக்கில் போகாதீர்கள். 2020 முதல் வியட்நாமில் வண்டி ஓட்டுபவர் உடலில் துளி மது இருந்தாலும் அபராதம். குடிக்கிற ஊரிலேயே இரவு தங்கிவிடுங்கள்.