பலகையும் தலைப்பும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினொரு ஆண்டுகளாக இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். சென்ற மாதம் எங்கள் வட்டார வார இதழின் முதல் பக்கத்தில் ‘நாடோடிகள் வந்தார்கள், திருட்டும் வந்தது’ என்று தலைப்பு. ஊர் எல்லையில் வண்டிகளை நிறுத்தியிருக்கும் ஐரிஷ் டிராவலர் (அயர்லாந்து வழிவந்த நாடோடி மரபினர்) குடும்பங்களுக்கும் அந்தத் திருட்டுகளுக்கும் தொடர்பிருப்பதாகத் தெரியவில்லை என்று காவல்துறையே கூறியது செய்தியின் கடைசிப் பத்தியில் இருக்கிறது. அக்குடும்பங்களின் பிள்ளைகள் இருவர் என் மகளுடன் படிக்கிறார்கள். மறுநாள் பள்ளி வாசலில் அவர்கள் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. ஒரு கடைக்காரர் ‘இவர்களுக்கு இங்கே இடமில்லை’ என்று பலகை வைத்தால் சட்டம் பாய்கிறது. பத்திரிகை மட்டும் எப்படித் தப்புகிறது? இதற்கும் ஒரு தண்டனைச் சட்டம் வேண்டாமா? நான் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொல்லும் பலகை உண்மையாகவே நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கிழக்கு லண்டனின் ஹாக்னியில் ஒரு மதுக்கூடத்தின் உரிமையாளர், டிராவலர்களுக்கு, அதாவது ஊர் ஊராகப் போகும் நாடோடிகளுக்கு, அனுமதி இல்லை என்று அறிவிப்பு வைத்தார். 1976ஆம் ஆண்டின் இன உறவுகள் சட்டத்தின்கீழ் இனச் சமத்துவ ஆணையம் வழக்குத் தொடுத்தது. ஒரு சீக்கியச் சிறுவனின் தலைப்பாகை குறித்த வழக்கில் 1983இல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை வகுத்திருந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு, நீண்ட பொது வரலாறும் தமக்கென்று ஒரு மரபும் உள்ள ஜிப்சிகள் ஓர் இனக்குழுவே என்று 1988இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. ஐரிஷ் டிராவலர் மக்களுக்கு அந்த ஏற்பு 2000ஆம் ஆண்டில், அதுவும் மதுக்கூடங்களில் அவர்களுக்கு இடம் மறுக்கப்பட்ட ஒரு வழக்கில்தான், கிடைத்தது.

ஆனால் இந்தச் சட்டங்கள் காவல் நிற்பது கதவுகளில்தான். இன்று நடப்பிலுள்ள 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் வேலை, வீடு, கல்வி, கடை, மருத்துவமனை ஆகியவற்றில் ஒருவர் எப்படி நடத்தப்படுகிறார் என்று கேட்கிறது. செய்தித்தாளின் பக்கத்தில் அவரைப் பற்றி என்ன எழுதப்படுகிறது என்பதை அது கேட்பதில்லை. அவதூறுச் சட்டமும் உதவாது. ஒரு குழுவைப் பொதுவாகப் பழித்தால், அதில் தன்னைக் குறித்தே சொல்லப்பட்டது என்று காட்ட முடியாத தனிமனிதர் வழக்காட முடியாது என்று 1944இல் பிரபுக்கள் அவை தீர்த்துவிட்டது. அந்த வழக்கில் எதிர்த்தரப்பும் ஒரு செய்தித்தாள்தான். மீதியிருப்பது பத்திரிகைகள் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட நடத்தை நெறி. 2014 முதல் இப்சோ என்ற அமைப்பு அதை மேற்பார்க்கிறது. அந்நெறியின் 12ஆம் பிரிவு, ஒரு தனிநபரின் இனத்தையோ நிறத்தையோ மதத்தையோ இழிவாகக் குறிப்பதைத் தடுக்கிறது. ஒருவரைப் பெயர் சொல்லி இழித்தால் குற்றம், ஓர் இனத்தையே இழித்தால் அப்பிரிவில் இடமில்லை. ஆயிரம் பேரைக் காயப்படுத்துவது ஒருவரைக் காயப்படுத்துவதைவிடச் சிறிய பிழை என்று கருதும் ஒரு நெறியை நான் எப்படி எண்ணிப் பார்த்தாலும் நியாயப்படுத்த முடியவில்லை.

இது தெரியாமல் நேர்ந்த இடைவெளி என்றும் சொல்ல முடியாது. 2004 ஜனவரியில், ஐரோப்பிய ஒன்றியம் கிழக்கே விரியவிருந்த வேளையில், 16 லட்சம் ஜிப்சிகள் வெள்ளமாக வரத் தயாராயிருப்பதாக டெய்லி எக்ஸ்பிரஸ் முதல் பக்கத்தில் தலைப்பிட்டது. இத்தகைய செய்திகளை எழுதும்படி அழுத்தம் தரப்படுகிறது என்று அந்த நாளிதழின் செய்தியாளர்களே தம் தொழிற்சங்கக் கிளை வழியாக, இப்சோவுக்கு முன்பிருந்த பத்திரிகை முறையீட்டு ஆணையத்துக்கு எழுதினார்கள். வேலையைப் பணயம் வைத்து எழுதப்பட்ட அந்தக் கடிதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆணையம் தலையிடவில்லை. மறு ஆண்டு சன் நாளிதழ் ஜிப்சி முகாம்களை மிதித்து நசுக்கச் சொல்லும் முழக்கத்தோடு ஓர் இயக்கமே நடத்தியது. பத்திரிகைகளின் நடத்தையை விசாரித்த நீதிபதி லெவிசன் 2012 நவம்பரில் அளித்த அறிக்கை, பாகுபாடான செய்திகளில் தலையிடும் அதிகாரத்தை, அந்த ஆணையத்தின் இடத்தில் வரவேண்டிய புதிய அமைப்புக்கு அளிக்கும் வகையில், சமத்துவச் சட்டங்களின் உணர்வை ஒட்டி நெறியைத் திருத்துவது பற்றி எண்ண வேண்டும் என்று பரிந்துரைத்தது. தனிநபர் என்ற சொல் மட்டும் 12ஆம் பிரிவில் அப்படியே நிற்கிறது.

தண்டனைச் சட்டம் வேண்டும் என்ற உங்கள் கருத்தோடு நான் உடன்படவில்லை. இன வெறுப்பைத் தூண்டுவது 1965 முதலே பிரிட்டனில் குற்றம். அந்தச் சட்டத்தின்கீழ் 1967இல் சிறைக்குப் போனவர்களில் நவநாஜித் தலைவர் காலின் ஜோர்டன் இருந்தார். டிரினிடாடிலிருந்து வந்த கறுப்பின இயக்கத்தவர் மைக்கேல் எக்ஸும் இருந்தார். யாரைக் காக்க ஆயுதம் வடிக்கப்பட்டதோ அவர்கள் பக்கமே அது திரும்பியதை மறந்துவிட்டு அரசின் கையில் இன்னொன்றைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நான் கேட்பது வேறு: 12ஆம் பிரிவு குழுக்களையும் உள்ளடக்க வேண்டும், அக்குழுவின் அமைப்புகள் அதன்கீழ் முறையிட முடியவேண்டும், பிழை எந்தப் பக்கத்தில், எந்த அளவு எழுத்தில் வந்ததோ அதே பக்கத்தில், அதே அளவில் திருத்தமும் வரவேண்டும்.

அதுவரை, உங்கள் வார இதழ் இப்சோவில் உறுப்பினராக இருந்தால், உங்களுக்குத் துணை முதலாம் பிரிவு, அதாவது துல்லியம். 2015 நவம்பரில், பிரிட்டிஷ் முஸ்லிம்களில் ஐவரில் ஒருவருக்கு ஜிகாதிகள்மீது அனுதாபம் என்று சன் தலைப்பிட்டபோது, கருத்துக்கணிப்பின் கேள்வியில் ஜிகாதி என்ற சொல்லே இல்லை. சிரியாவில் போரிடுவோருடன் சேரச் செல்லும் இளைஞர்களைப் பற்றித்தான் கேட்டிருந்தார்கள். அந்தச் செய்தி வாசகரைப் பெரிதும் தவறான வழியில் இட்டுச்சென்றது என்று 2016 மார்ச்சில் இப்சோ தீர்ப்பளித்தது, துல்லியப் பிரிவின்கீழ். செய்தியால் தாங்கப்படாத தலைப்பு என்பதை அப்பிரிவு இப்போது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. உங்கள் இதழின் தலைப்பு அதற்கு நேர் எடுத்துக்காட்டு. மறுப்பு அதே செய்தியின் கடைசிப் பத்தியில் இருக்கிறது. வெளியான நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் முறையிட வேண்டும். இதழுக்குப் பதிலளிக்க 28 நாள் தரப்படும். அக்குடும்பங்களைக் கேட்காமல் அனுப்பாதீர்கள்; உங்கள் கடிதத்தால் வரும் கவனம் அவர்கள் மீதுதான் விழும். அவர்கள் சரி என்றால், அச்சில் வந்த முதல் பக்கத்தை முழுதாக எடுத்து வையுங்கள். இணையப் பதிப்பில் தலைப்பைச் சத்தமின்றி மாற்றிவிட முடியும்.

அன்புடன்.