கணவரின் விசாவில் ஜப்பான் வந்தவர் ஆங்கிலம் கற்பிக்கலாமா?

கேள்வி: என் கணவர் ஜப்பானில் மென்பொருள் பொறியாளராகப் பணிபுரிகிறார். எட்டு மாதங்களுக்கு முன் நானும் குடும்ப விசாவில் வந்து சேர்ந்தேன். ஐந்தாம் வகுப்பு வரை தமிழ்வழியிலும் பிறகு ஆங்கிலவழியிலும் படித்து, எம்.ஏ., பி.எட். முடித்து, ஊரில் ஆறு ஆண்டுகள் ஆங்கில ஆசிரியையாக இருந்தேன். வாரம் 28 மணி நேரம் வேலை செய்வதற்கான பொது அனுமதியை இங்கே வாங்கிவிட்டேன். ஓர் ஆங்கில உரையாடல் பள்ளி என்னைத் தேர்ந்தெடுத்து, இத்துடன் இணைத்துள்ள ஒப்பந்தத்தை அனுப்பியிருக்கிறது. ஓராண்டுக்குள் விலகினால் 2 லட்சம் யென் செலுத்த வேண்டும் என்று அதில் இருக்கிறது. கையெழுத்திடலாமா? பக்கத்து வீட்டுச் சிறுமிக்கு மாலையில் பாடம் சொல்லித் தந்தால் பணம் தருவதாக அவளுடைய தாயார் சொல்கிறார். அதை ஏற்கலாமா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, தாங்கள் அபராத விதியைப் பார்த்துக் கவலைப்படுகிறீர்கள், நானோ ஒப்பந்தத்தின் தலைப்பிலேயே நின்றுவிட்டேன். அதில் 'கியோமு இதாகு' என்று எழுதியிருக்கிறது. பணியமர்த்தும் ஒப்பந்தமாக இருந்தால் 'கோயோ' என்ற சொல் இருக்கும். முன்னது, தங்களை ஊழியராக அல்லாமல், வேலையை வெளியிலிருந்து எடுத்துச் செய்து தரும் தனிநபராகக் கருதும் ஒப்பந்தம். தங்களுடைய இரண்டு கேள்விகளுக்குமான விடை இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

தங்களுடைய வசிப்பிட அட்டையின் பின்புறத்தில் பதிவாகியுள்ள அனுமதி, ஒரு முதலாளியிடம் வேலை செய்து, செய்த நேரத்தைக் கணக்குக் காட்ட முடிகிற பணிக்கு உரியது. சுயதொழிலாகவோ, நேரத்தைப் புறநிலையாகச் சரிபார்க்க முடியாத முறையிலோ சம்பாதிக்க விரும்பினால், அந்தக் குறிப்பிட்ட வேலைக்கென்று ஒப்பந்த நகலை இணைத்துத் தனி அனுமதி கோர வேண்டும். இப்போதைய வடிவில் கையெழுத்திட்டு வகுப்பைத் தொடங்கினால், 28 மணி நேரத்துக்குள் நின்றாலும் அனுமதியை மீறியவராகத் தாங்கள் கருதப்படக்கூடும். அனுமதியின்றிச் சம்பாதிப்பதற்குக் குடிவரவுச் சட்டம் ஓராண்டு வரை சிறையும் 20 லட்சம் யென் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், விசா புதுப்பிக்கும்போது இந்த மீறல் குறுக்கே வந்து நிற்கும்.

அபராத விதிக்கு வருவோம். ஊழியர் ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே நிர்ணயிப்பதைத் தொழிலாளர் தரநிலைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தடை செய்கிறது. உண்மையில் நேர்ந்த இழப்பைப் பள்ளி கோருவது வேறு. விலகினாலே 2 லட்சம் என்று எழுதி வைப்பது வேறு. ஆனால் இந்தப் பாதுகாப்பு ஊழியருக்கு மட்டுமே உண்டு. நேரத்தையும் பாடத்தையும் வகுப்பறையையும் பள்ளியே முடிவு செய்யுமானால் தாங்கள் உண்மையில் ஊழியர்தான் என்று வாதிட முடியும்; எனினும் கையெழுத்திட்ட பிறகு வாதாடுவதைவிட, முன்பே திருத்தச் சொல்வது எளிது. எனவே ஒப்பந்தத்தைப் பணியமர்த்தும் ஒப்பந்தமாக மாற்றி, வேலை நிபந்தனைகளை எழுத்தில் தரும்படி பள்ளியிடம் கேளுங்கள். மறுத்தால், 2 லட்சம் யென் விதியை நீக்கச் சொல்லி, தனி அனுமதி கைக்கு வந்த பிறகே தொடங்குங்கள். அதற்கான விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வாரங்கள் முதல் இரண்டு மாதங்கள் வரை ஆகலாம்.

மணிக்கணக்கிலும் ஓர் எச்சரிக்கை. 28 மணி என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை மட்டும் எண்ணப்படுவதில்லை. எந்த நாளிலிருந்து ஏழு நாட்களை எண்ணினாலும் அந்த வரம்புக்குள் இருக்க வேண்டும். பள்ளியின் உத்தரவுப்படி செய்யும் பாடத் தயாரிப்பும் ஆசிரியர் கூட்டமும் வேலை நேரமே. தங்களுக்கு அனுப்பப்பட்ட அட்டவணையில் வகுப்புகள் மட்டுமே 26 மணி நேரம் இருக்கின்றன. எனக்கு அது நெருக்கடியாகத் தெரிகிறது.

பக்கத்து வீட்டுச் சிறுமியின் பாடமும் சுயதொழில் வகையிலேயே சேரும். பணம் ரொக்கமாக வந்தாலும், தொகை சிறியதானாலும், அனுமதி இல்லாமல் வாங்க வேண்டாம். இணையவழியில் இந்தியாவிலுள்ள மாணவருக்குக் கற்பித்துச் சம்பாதிப்பதையும் பலர் விதிவிலக்கு என்று எண்ணுகிறார்கள். தாங்கள் இருந்து வேலை செய்யும் இடம் ஜப்பான் என்பதை மறந்துவிடக் கூடாது.

பின்னாளில் முழுநேர வேலைக்குப் போக நினைத்தால் விசா வகையையே மாற்ற வேண்டும். பள்ளிகளுக்குரிய 'கியோயிகு' வகையில், ஆசிரியர் உரிமம் இல்லாமல் உதவி ஆசிரியராக அயல்மொழி கற்பிப்பவர், அந்த மொழியிலேயே 12 ஆண்டுகள் கல்வி பெற்றிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஐந்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்ததாகத் தாங்கள் எழுதியிருப்பதால், ஆறாம் வகுப்பு முதல் எம்.ஏ. வரையிலான பன்னிரண்டு ஆண்டுகளைத் தனித்தனிச் சான்றிதழ்களால் காட்ட நேரிடும். பயிற்று மொழிச் சான்றிதழைப் பள்ளியிலும் கல்லூரியிலும் இப்போதே கேட்டு வாங்குங்கள். ஊரிலிருக்கும் உறவினர் யாராவது நேரில் சென்று கேட்டால் விரைவில் கிடைக்கும்.