நான்கு மாதத்தில் முழு மரதன்: கால் முன்னெலும்பு வலிக்கு என்ன செய்வது?

வணக்கம். ஐந்து நிமிடம் ஓடினாலே மூச்சு முட்டுகிறது, இரண்டாம் கிழமையிலேயே முழங்காலுக்குக் கீழ் முன்னெலும்பு வலிக்கிறது, ஆனாலும் நான்கு மாதத்தில் முழு மரதன் ஓட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். 42.195 கிலோமீற்றருக்கு அக்காலம் போதாது என்பதே என் கருத்து. இம்முறை பத்துக் கிலோமீற்றரை இலக்காக வைத்து, முழுத் தூரத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள். இதயமும் நுரையீரலும் சில கிழமைகளிலேயே பழகிவிடும், எலும்பும் தசைநாணும் பழகப் பல மாதங்கள் எடுக்கும் என்பதால்தான், மூச்சு இடம் கொடுத்தவுடன் வேகத்தைக் கூட்டுகிறவர்களுக்குக் கால் வலிக்கிறது.

வலி தணியும்வரை நடவுங்கள். பின்னர் கிழமைக்கு மூன்று நாள், ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடந்து, பக்கத்தில் வருபவருடன் தடங்கலின்றிக் கதைக்கக்கூடிய வேகத்தில் அரை மணி நேரம் போதும். விரலால் அழுத்தும்போது ஒரே புள்ளியில் கூர்மையாக நோவு இருந்தால் அது எலும்பு வெடிப்பாகவும் இருக்கலாம். வைத்தியரிடம் காட்டாமல் ஓட வேண்டாம்.

யாழ்ப்பாணத்து வெயிலுக்கு விடியற்காலையே உகந்தது. பண்ணைப் பாலத்து வீதி மேடுபள்ளம் இல்லாதது, ஆனால் கடற்காற்று பலமாக வீசும். போகும்போது எதிர்காற்றில் சென்றால் களைத்துத் திரும்புகையில் அது உதவும். நீண்ட ஓட்டத்துக்குப் பின் உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் குடியுங்கள். சப்பாத்து விலை கூடியதாக இருக்கத் தேவையில்லை, அளவு சரியாக இருக்கட்டும்.