மீசை கிடக்கட்டும், அந்த ராத்திரி வாந்தியைச் சொல்லுங்கள்

கேள்வி: என் மகனுக்குப் பதிமூன்றரை வயது. சனி, ஞாயிறுகளில் அப்பாவோடு பருத்திக்கு மருந்தடிக்கிறான். கூடப் படிக்கும் பையன்களுக்கு மீசை அரும்பி, குரல் உடைந்துவிட்டது. இவனுக்கு முகப்பருதான் வந்திருக்கிறது. பூச்சிமருந்தால் ஆண்மையே போய்விடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். பயந்துபோய் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் சூரணம் கொடுத்து வருகிறேன். சில சமயம் மருந்தடித்த ராத்திரி தலைவலி, வாந்தி, உடம்பெல்லாம் வியர்வை. வெயில் என்று எலுமிச்சை ஜூஸ் கொடுத்துப் படுக்க வைத்தேன்.
– பெரம்பலூர் மாவட்ட வாசகி

பதில்: கடைசியில் எழுதியதைத்தான் அம்மா நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

மீசையை முடித்துவிடுகிறேன். ஆண் பிள்ளைக்குப் பருவம் தொடங்குவது விதைகள் பெரிதாவதில். குரலும் மீசையும் பின்னால்தான் வரும். 14 வயதாகியும் விதைகள் வளரத் தொடங்கவில்லை என்றால்தான் தாமதம் என்போம். முகப்பருவே பெரும்பாலும் ஹார்மோன் வேலையைத் தொடங்கியதற்கு அடையாளம்தான். அவன் அப்பா எந்த வகுப்பில் நெடுநெடுவென்று வளர்ந்தார் என்று உங்கள் மாமியாரிடம் கேளுங்கள். பையன்களுக்குப் பருவம் தள்ளிப்போக மிகப் பொதுவான காரணம் பரம்பரை.

வீடியோக்காரர் முழுப் பொய் சொல்லவில்லை. கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு மேலே இருபது வருஷத்துக்கும் மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். அங்கே வளர்ந்த பையன்களுக்குப் பருவ வளர்ச்சி தாமதமானதாக 2003-ல் ஓர் ஆய்வு வெளியானது. அந்த மருந்தை 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டது. பருத்திக்கு அடிப்பதில் புரொபனோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகை உண்டு. அது முதலில் தாக்குவது நரம்பை.

நரம்பு தசைக்கு உத்தரவு கொடுத்ததும், அந்த உத்தரவை அணைக்க ஒரு நொதி இருக்கிறது. இந்த மருந்து அந்த நொதியை முடக்குகிறது. அதனால் வியர்வை, எச்சில், கண்ணீர் நிற்காமல் வரும், வயிறு புரட்டும், தசை துடிக்கும். முடங்கிய நொதி பழையபடி திரும்ப வாரக்கணக்கில் ஆகும். போன ஞாயிறு இழந்தது திரும்புவதற்குள் அடுத்த ஞாயிறு வந்துவிடுகிறது. அப்போது கொஞ்சம் மருந்தே போதும். செடி அவன் தோளுக்கு நிற்கும், தெளிப்பது முகத்துக்கே வரும். முதுகு டேங்க் கசிந்தால் கால்சட்டை வரை நனையும்; உடம்பில் மருந்தை வேகமாக உள்ளே விடுவது தொடை இடுக்குத் தோல்தான்.

வெயிலா மருந்தா என்று எப்படிப் பார்ப்பது? வெயிலில் வாடியவனுக்கு வாய் வறளும். மருந்து ஏறியவனுக்கு வாயில் எச்சில் ஊறும், கண்மணி குண்டூசித் தலையாகச் சுருங்கும், பார்வை மங்கும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும், மூச்சு வாங்கினாலும், கண்ணிமை துடித்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வருவதற்குள் உங்கள் கையில் ஏதாவது உறை மாட்டிக்கொண்டு, அவன் துணியைக் கழற்றி, தலையோடு சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுங்கள். மருந்து டப்பாவின் லேபிளைப் போனில் படம் எடுத்து வையுங்கள். டாக்டருக்கு அதுதான் வேண்டும். காலையில் தெளிந்துவிட்டான் என்றும் விட்டுவிட முடியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூட, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் கழுத்து தளர்ந்து, மூச்சு அடைத்துப் போனவர்கள் உண்டு.

படிப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். எகிப்தில் பருத்தி வயலுக்கு இதே வகையைச் சேர்ந்த குளோர்பைரிபாஸ் தெளித்த வளரிளம் பையன்களைச் சோதித்தபோது, கவனம், நினைவாற்றல் இரண்டிலும் மற்ற பையன்களைவிடப் பின்தங்கினார்கள். மீசையைவிட எனக்கு இதுதான் கவலை.

சூரணத்தை நிறுத்துங்கள். முடங்கிய நொதியை அது எழுப்பாது. என்ன கலந்தது என்று தெரியாத பொட்டலங்களில் ஈயமும் பாதரசமும் இருந்து பிள்ளைகள் படுத்த கதை தனி.

இந்த ஞாயிறு முதல் அவன் டேங்க்கைத் தூக்க வேண்டாம். மருந்து கலக்கவும் வேண்டாம். அடித்த வயலுக்குள் மறுநாளும் போகக் கூடாது. அரசு மருத்துவமனையில் விஷயத்தைச் சொல்லி, ரத்தத்தில் கோலினெஸ்டெரேஸ் அளவு பார்க்கச் சொல்லுங்கள்; மருந்து முடக்கும் அந்த நொதியின் பெயர்தான் அது. அவன் அப்பாவையும் கூட்டிப் போங்கள். ராத்திரியில் தலை சுற்றுமா என்று கேட்டால், பழகிப்போச்சு என்பார். விடாதீர்கள், இரண்டு பேருக்கும் சேர்த்தே எடுத்துவிடுங்கள்.