படித்த மணிக்கணக்கை எழுதி வைக்காதீர்கள்

வணக்கம் ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசிங் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 27. டிஎன்பிஎஸ்சி குரூப் 4க்குப் படிக்கிறேன். 2025 ஜூலையில் எழுதிய தேர்வில் கட்-ஆஃபுக்குள் வரவில்லை. அதன்பிறகு காலை 4 முதல் 7 வரை, இரவு 9 முதல் 12 வரை என்று டைம்டேபிள் போட்டேன். மூன்று மாதம் விடாமல் போனது. பிறகு ஒருநாள் புத்தகத்தைத் தொடவே முடியவில்லை. இரண்டு வாரம் சும்மா கிடந்தேன். மறுபடி தொடங்கினேன், ஐந்தே வாரத்தில் மறுபடி அதே கதை. படித்த பாடமே டெஸ்ட்டில் வரும்போது விடை தெரிவதில்லை. எங்கள் டெலிகிராம் குழுவில் தினமும் 12 மணி நேரம், 14 மணி நேரம் என்று ஸ்டாப்வாட்ச் படம் போடுகிறார்கள். பார்த்தாலே நெஞ்சு படபடக்கிறது. சில ராத்திரி காரணமில்லாமல் அழுகை வருகிறது.

வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிக்கலாமா? தியானம், வல்லாரை மாத்திரை, கவனத்தைக் கூட்டும் மொபைல் செயலி இவையெல்லாம் பயன்படுமா? விழாமல் சீராகப் போக என்ன வழி?

எஸ்.
திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

'படித்த பாடமே டெஸ்ட்டில் வரும்போது விடை தெரிவதில்லை' என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில். சில மாதங்களாகவே என் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம் அது.

முதலில் அழுகை. அதைத் தள்ளிப்போட வேண்டாம். தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மருத்துவரைப் பாருங்கள். 14416 அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். நாள் முழுக்க இயங்கும், கட்டணமில்லை, தமிழில் பேசலாம். இந்த வாரமே கூப்பிட்டாலும் தவறில்லை. தேர்வுக்குப் படிப்பவன் இதற்கெல்லாம் நேரம் ஒதுக்கலாமா என்று யோசிக்காதீர்கள், தம்பி. ஒதுக்கத்தான் வேண்டும்.

தியானம் பிடித்திருந்தால் செய்யுங்கள். மாத்திரையையும் செயலியையும் விட்டுவிடுங்கள், காசாவது மிஞ்சும்.

இப்போது உங்கள் டைம்டேபிள். இரவு 12 மணிக்குப் படுத்து 4 மணிக்கு எழுவது என்றால் நாலு மணி நேரத் தூக்கம். படித்தது நினைவில் இறுகும் வேலையில் முக்கியமான பகுதி தூக்கத்தில்தான் நடக்கிறது. ஆறு மணி நேரம் படித்துவிட்டு நாலு மணி நேரம் தூங்குகிறவர், படித்ததைத் தன் கையாலேயே அழிக்கிறார். இப்படி ஒரு அட்டவணையைப் போட்டுத் தந்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு உங்கள் உடம்பைப் பற்றிக் கவலை இல்லை. நீங்களே போட்டது என்றால், உங்களிடம் நீங்கள் இவ்வளவு கொடுமையாக நடந்துகொள்ள என்ன குற்றம் செய்தீர்கள்?

ஆனால் தூக்கத்தைச் சரிசெய்தால் மட்டும் போதும் என்று நான் சொல்லப் போவதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் 'பர்ன்அவுட்' என்ற இந்தச் சோர்வு நிலைக்கு மூன்று அடையாளங்கள் வகுத்தது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, நம்மால் ஒன்றும் ஆகவில்லை என்ற உணர்வு. வேலையிடத்தை மனதில் வைத்து வகுத்தது அது. உங்கள் கடிதத்துக்கும் வரிக்கு வரி பொருந்துகிறது. இரண்டு வாரம் ஓய்வாகத்தான் இருந்தீர்கள். ஐந்தே வாரத்தில் ஏன் மறுபடி விழுந்தீர்கள்? ஓய்வு முதல் இரண்டை ஆற்றும். மூன்றாவதை ஆற்றாது. உழைத்தது மார்க்காக மாறுவதைக் கண்ணால் பார்த்தால்தான் அது ஆறும். நீங்கள் படிக்கிற முறையில் அது மாறவே வழியில்லை.

நீங்கள் படிக்கிற முறை எதுவென்று எழுதவில்லை. ஆனால் தெரிகிறது. பாடத்தைப் படிப்பது, அடிக்கோடு போடுவது, மறுபடி படிப்பது, பிறகு 'ரிவிஷன்' என்று மூன்றாம் முறை படிப்பது. 2006இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். சூரியனைப் பற்றியோ கடல் நீர்நாயைப் பற்றியோ ஒரு சிறிய கட்டுரை. ஒரு குழு அதை நான்கு சுற்று படித்தது. இன்னொரு குழு ஒரே சுற்று படித்தது. மிச்ச மூன்று சுற்றிலும் கட்டுரையைப் பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு சுற்று படித்தவர்கள் 83 சதவீதம் சொன்னார்கள், எழுதியவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நான்கு சுற்று படித்தவர்கள் 40க்கு இறங்கிவிட்டார்கள், எழுதியவர்கள் 61இல் நின்றார்கள். இதில் இன்னொன்றும் உண்டு. ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் நான்கு சுற்று படித்தவர்கள்தான்.

உங்களுக்கு நடப்பது இதேதான். மறுபடி படிக்கும்போது வரி பழகியதாகத் தெரிகிறது. பழகியது தெரிந்தது போலவே இருக்கும். சென்னை மகாஜன சபை என்ற பெயரைப் பார்த்ததும் 'ஆமாம், படித்தேன்' என்று மனம் சொல்லும். தேர்வில் சென்னைவாசிகள் சங்கம், சென்னை மகாஜன சபை, தென்னிந்திய நல உரிமைச் சங்கம் மூன்றையும் போட்டு, எதிரே 1852, 1884, 1916 என்ற ஆண்டுகளை மாற்றி வைத்துப் பொருத்தச் சொன்னால் கை நிற்கும். உடனே, 'இன்னும் படிக்கவில்லை போல' என்று இன்னும் ஒரு மணி நேரம் கூட்டுகிறீர்கள். கூட்டிய மணியிலும் அதே முறை, அதே பலன். மூன்று மாதம் இப்படி ஓடினால் எந்த மனமும் புத்தகத்தைத் தொட மறுக்கும். மறுப்பது சோம்பேறித்தனமில்லை. பலனில்லாத வேலையை மனம் சரியாகவே அடையாளம் கண்டிருக்கிறது.

ஆகவே முறையை மாற்றுங்கள். உங்களுக்கு வாரம் ஆறு நாள் வேலை, சனிக்கிழமை தொழிலாளர்களுக்கு வாரச் சம்பளம் போட்டு வெளியே வரவே நேரமாகும். சனிக்கிழமையைப் படிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை இரவு 10 மணிக்குப் படுக்கை, காலை 5 மணிக்கு எழுவது. 5.15 முதல் 6.30 வரை 75 நிமிடம்.

முதல் 15 நிமிடம் பழைய கேள்விகள். அவை எங்கிருந்து வருகின்றன என்று இதோ சொல்கிறேன். அடுத்த 40 நிமிடம் புதுப் பாடம். முழுப் பாடத்தை எடுக்காதீர்கள், நாலைந்து பக்கம் போதும். முதல் வாசிப்பில் கையில் பேனா கூடாது. கடைசி 20 நிமிடத்தில் புத்தகத்தை மூடி, வெள்ளைத்தாளில் நினைவில் வருவதையெல்லாம் எழுதுங்கள்: பெயர், ஊர், ஆண்டு, எதற்குப் பின் எது. வராதபோது உடனே புத்தகத்தைத் திறக்காதீர்கள். அந்த முட்டிமோதல்தான் வேலை செய்கிறது. கஷ்டமாக இருப்பதாலேயே பலரும் இந்த இடத்தில் பழைய முறைக்கு ஓடிவிடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குப் பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதைச் சிவப்புப் பேனாவால் எழுதுங்கள்.

சிவப்பில் இருப்பது மட்டும் நோட்டுக்குப் போகட்டும். அதையும் கேள்வியாக எழுதுங்கள். இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் விடை, ஓரத்தில் தேதி. ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். இருபது எழுதினால் மூன்றாம் வாரத்தில் அந்த நோட்டைத் திருப்பவே முடியாது. ஒவ்வொரு கேள்வியையும் மறுநாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 21ஆம் நாள் என்று நான்கு முறை கேட்டுக்கொள்ள வேண்டும். சனி, ஞாயிறில் விழுந்தால் திங்களுக்குத் தள்ளுங்கள். எங்கே தவறினாலும் அந்தக் கேள்வி மறுபடி முதல் நாளுக்குப் போகும். எட்டுக் கேள்வி, நான்கு சுற்று என்றால் ஒரு காலைக்குச் சுமார் 32. ஒன்றுக்கு அரை நிமிடம். அந்த முதல் 15 நிமிடம் இதற்குத்தான். நோட்டை அழகாக வைத்துக்கொள்ளும் ஆசையை விடுங்கள். நான்கு நிறப் பேனாவில் நகலெடுத்துக்கொண்டிருப்பவர் படிக்கவில்லை.

இரவில் புதுப் பாடம் வேண்டாம். 25 நிமிடத்தில் பத்துக் கணக்கு: விகிதம், சதவீதம், தனிவட்டி, கூட்டுவட்டி, மீப்பெரு பொது வகுத்தி, ஆளும் நாளும். 200 கேள்வியில் திறனறிவுக்கு 25, இந்தக் கணக்கெல்லாம் அதில்தான் வருகிறது. களைத்த நேரத்தில் கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போகும், கணக்கு அப்படிப் போக விடாது.

ஞாயிறு காலை மூன்று மணி நேரம். தேர்வில் 200 கேள்விக்கு 180 நிமிடம். நீங்கள் 100 கேள்வியை 90 நிமிடத்தில் எழுதுங்கள். அடுத்த 90 நிமிடம் தவறுகளைப் பிரிக்க. மதியத்துக்குப் பிறகு எதுவும் கிடையாது. எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 11 மணி 20 நிமிடம். உங்கள் பழைய அட்டவணையில் 42 மணி நேரம். பயமாக இருக்கும், இருக்கட்டும்.

தவறுகளைப் பிரிப்பது பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டெஸ்ட் பேட்ச்சில் சேர்கிற பெரும்பாலோர் மார்க்கைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்துவிடுகிறார்கள். தவறு மூன்று வகை. முதல் வகை, பாடத்தையே படிக்கவில்லை. இதற்காக வருந்த எதுவுமில்லை, பாடம் வரும்போது வரும். இரண்டாவது, படித்தது, வரவில்லை. இது நோட்டுக்குப் போக வேண்டும், தினமும் எட்டு என்ற அளவுக்குள். மூன்றாவது, விடை தெரியும், ஆனால் கேள்வியைத் தவறாகப் படித்தது: 'தவறானது எது' என்பதைச் 'சரியானது எது' என்று படிப்பது, கூற்று, காரணம் இரண்டும் சரி என்றதும் காரணம் கூற்றை விளக்குகிறதா என்று பார்க்காமல் விடுவது, ஓஎம்ஆர் விடைத்தாளில் வரிசை மாற்றி நிரப்புவது. ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மார்க் போகிறது.

இந்த மூன்றாம் வகையின் எண்ணிக்கையை ஒவ்வொரு ஞாயிறும் தனியாகக் குறித்து வையுங்கள். பாடம் தெரியாமல் வருகிற தவறு இல்லை இது. களைப்பு இங்கேதான் முதலில் எட்டிப்பார்க்கும். வழக்கமாக நான்காக இருப்பது இரண்டு ஞாயிறு தொடர்ந்து எட்டு, ஒன்பது என்று ஏறினால் அடுத்த வாரம் புதுப் பாடத்தை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் கூடுதலாகத் தூங்குங்கள். அழுகை வரும்வரை காத்திருக்காதீர்கள்.

விட்டுப்போன நாளைப் பற்றி ஒரு விதி. ஷிப்மென்ட் நெருக்கடியில் செவ்வாய் படிக்க முடியவில்லை என்றால் அதைப் புதனில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் புதனும் முடியாது, வியாழனுக்கு மூன்று நாள் பாரம், வெள்ளிக்கிழமை கந்துவட்டிக்காரனைக் கண்டதுபோல் புத்தகத்திலிருந்து ஒளிவீர்கள். அன்றைக்கு நோட்டில் ஐந்து கேள்வி, பத்து நிமிடம், அவ்வளவுதான். விட்ட பாடத்தின் பெயரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டு மறந்துவிடுங்கள். ஒவ்வொரு நான்காவது வாரமும் புதுப் பாடம் இல்லாத வாரம். கடைசிப் பக்கத்தில் இருப்பதில் முடிந்ததை அந்த வாரம் எடுக்கலாம், அதுவும் பாதி நேரத்துக்குத்தான். ஆறு முதல் பத்து வரை ஐந்து வகுப்பின் தமிழ்ப் பாடநூல்கள் இருக்கின்றன. இந்த வேகத்தில் முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டுவீர்கள். எல்லாம் முடியாதுதான். எல்லா இயலையும் மூன்று முறை கண்ணால் ஓட்டியவரைவிட, அதில் மூன்றில் இரண்டு பங்கை மூடிவைத்து எழுதத் தெரிந்தவர் தமிழ்ப் பகுதியில் மேலே நிற்பார். ஒரு எச்சரிக்கை மட்டும்: அந்தப் பகுதியில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் திங்கள், செவ்வாய், புதன் மூன்று காலையும் தமிழுக்கு. வியாழனும் வெள்ளியும் பொது அறிவுக்கு.

டெலிகிராம் குழுவிலிருந்து இன்றைக்கே வெளியேறுங்கள். 14 மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்ததற்கு ஆணையம் மார்க் போடுவதில்லை. அந்தப் படங்களைப் போடுகிற பிள்ளைகள்மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களும் பயந்துபோய்த்தான் போடுகிறார்கள். ஆனால் ஒருவர் பயத்தை இன்னொருவருக்கு ஏற்றுகிற இடத்தில் நீங்கள் இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

வேலை. விடாதீர்கள், இப்போது வேண்டாம். 2025 ஜூலை 12 தேர்வுக்கு முதலில் அறிவித்தது 3,935 இடம், விண்ணப்பித்தவர்கள் பத்து லட்சத்துக்கு மேல். இதை நம்பி மாதச் சம்பளத்தை விடுவதற்கு முன்னால் உங்கள் முறை மார்க் தருகிறது என்பது உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். இன்றைக்கு விட்டால் இதே முறையை 14 மணி நேரம் செய்வீர்கள். இன்னும் சீக்கிரம் விழுவீர்கள். இரண்டு சுற்று, அதாவது எட்டு வாரம் இப்படிப் போய்ப் பாருங்கள். பிறகு பேசலாம்.

இந்த வாரம் எதையும் தொடங்க வேண்டாம், தூங்குங்கள். ஞாயிறு காலை ஒரு பழைய குரூப் 4 வினாத்தாளை எடுங்கள். ஆணையத்தின் இணையதளத்தில் வினாத்தாளும் விடைக்குறிப்பும் இலவசமாகவே இருக்கின்றன. தமிழ்ப் பகுதியின் 100 கேள்வி, 90 நிமிடம், தவறுகளை மூன்றாகப் பிரித்து மூன்று எண்களையும் எனக்கு எழுதுங்கள். மார்க்கை எழுத வேண்டாம்.