மூன்றாம் உலகம் என்றால் ஏழை நாடுகள் என்று எழுதலாமா?

கேள்வி: பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கிறேன். 'மூன்றாம் உலகம்' பற்றிய மாதிரி வினாவில் பத்துக்கு இரண்டு மதிப்பெண்தான் வந்தது. எங்கே கோட்டை விட்டேன் சார்?

பதில்: விடைத்தாளைப் பார்த்தேன், தம்பி. 'மூன்றாம் உலகம் என்பது ஏழை நாடுகள்' என்று ஆரம்பித்து, கடைசி வரை வறுமை, கடன், மக்கள்தொகை என்றே போயிருக்கிறீர்கள். அந்தப் பெயரை யார், எப்போது, எதற்காக வைத்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. மதிப்பெண் போனது அங்கேதான்.

1952 ஆகஸ்டில் பாரிஸ் வார இதழ் ஒன்றில் பிரெஞ்சு மக்கள்தொகை அறிஞர் ஆல்ஃபிரட் சோவி எழுதிய கட்டுரையில் வந்த பெயர் அது. பனிப்போர் உச்சத்தில் இருந்த நேரம். அமெரிக்க அணியும் சோவியத் அணியும் மோதிக்கொள்வதில், மூன்றாவதாக ஓர் உலகம் இருப்பதையே எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்றார் அவர். பிரெஞ்சுப் புரட்சியைப் படித்தவர் நீங்கள். மதகுருமார், பிரபுக்கள் போக மீதி மக்கள் அத்தனை பேரும் 'மூன்றாம் பிரிவு'. அந்தப் பிரிவுதான் எல்லாமே, ஆனால் அரசியலில் அதற்கு இடமே இல்லை, இனி தனக்கும் ஓர் இடம் கேட்கிறது என்று 1789இல் சியேஸ் என்ற மதகுரு எழுதினாரே, அதைத்தான் சோவி கையில் எடுத்தார். பின்தங்கிய நாடுகளைத்தான் அவரும் குறிப்பிட்டார். ஆனால் புறக்கணிக்கப்பட்டவர்கள் எழுந்து இடம் கேட்கிறார்கள் என்பதே கட்டுரையின் உயிர். உங்கள் விடையில் அந்த உயிர் இல்லை.

இன்னொரு பள்ளம் இருக்கிறது, கவனம். மூன்றாம் உலகமும், இரண்டு அணியிலும் சேராமல் நின்ற அணிசேரா நாடுகளும் ஒன்றுதான் என்று எழுதிவிடாதீர்கள். 1955இல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்க மாநாட்டுக்கு வந்த 29 நாடுகளில் நேருவின் இந்தியாவோடு, அமெரிக்க அணியில் இருந்த துருக்கியும் பாகிஸ்தானும், கம்யூனிச சீனாவும் உண்டு. அணிசேரா இயக்கம் 1961இல் பெல்கிரேடில்தான் முறைப்படி தொடங்கியது. எந்த அணியிலும் சேராத சுவிட்சர்லாந்தைப் பொதுவாக யாரும் மூன்றாம் உலகம் என்று சொல்வதில்லை.

சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்த பிறகு இந்தக் கணக்கே பொருந்தவில்லை. ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க வளரும் நாடுகளை இன்று 'உலகளாவிய தெற்கு' (Global South) என்கிறோம். 2023 ஜனவரியில் இந்தியா நடத்திய மாநாட்டின் பெயரிலேயே அது இருக்கிறது. விடையை அங்கே கொண்டுவந்து நிறுத்துங்கள்.

பொது அறிவு முதல் தாளில் உலக வரலாறு, இரண்டாம் தாளில் நாடுகளின் கூட்டமைப்புகள். ஒரே குறிப்பு இரண்டுக்கும் உதவும். இதே வினாவை 150 சொற்களில் திரும்ப எழுதி அனுப்புங்கள் தம்பி, திருத்தித் தருகிறேன்.