கடல் பார்க்காத அம்மாவும் ஒரு மெட்ராஸ் இரவும்

அன்புள்ள அக்கா,

ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு 58 வயது. இதுவரை கடலைப் பார்த்ததில்லை. வருகிற சனிக்கிழமை மெட்ராஸுக்குக் கூட்டிப்போய், இரவு தங்கி, ஞாயிறு திரும்பலாம் என்று இருக்கிறேன். மால், வண்டலூர், தி.நகர், மகாபலிபுரம் என்று 10 இடங்கள் எழுதி வைத்திருக்கிறேன். எதில் தொடங்கலாம்?

ஒரு வாசகர், வாலாஜாபேட்டை

அன்புள்ள தம்பி,

அந்த 10 இடங்களையும் விட்டுவிடுங்கள். பாதி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும், அம்மாவுக்கு முட்டியும் வலிக்கும். திருவல்லிக்கேணி ஒன்று போதும். சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும்.

அங்கே உங்கள் ஊர்ப் பெயரைப் பார்க்கலாம். சேப்பாக்கம் ஸ்டேடியத்தை ஒட்டிப் போகிற தெரு வாலாஜா சாலை. உங்கள் ஊருக்குப் பெயர் தந்த அதே ஆற்காட்டு நவாப்தான். அவர் 1768இல் கட்டிய சேப்பாக்கம் அரண்மனை அங்கேதான் இருக்கிறது. 1795இல் கட்டப்பட்ட வாலாஜா பெரிய மசூதி திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்ததும் உங்கள் ஊர்ப் பக்கத்து வாலாஜா ரோடு ஸ்டேஷனுக்குத்தான். ரயிலில் போகும்போதே அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். யாரோ ஊருக்குப் போகிறோம் என்ற கூச்சம் குறையும்.

சாயங்காலம் பார்த்தசாரதி கோயில். அப்புறம் ரத்னா கஃபேயில் சாம்பார் இட்லி. சாம்பாரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், அம்மாவுக்குப் பிடிக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். ராத்திரி தங்குகிற இடம். பல வருஷங்களுக்கு முன்னால் நானும் என் அம்மாவும் வேலூரிலிருந்து இதே மாதிரி கிளம்பினோம். ரயில் தாமதமாகி, ஒரு லாட்ஜுக்குப் போய்ச் சேரும்போது மணி 11. போனில் ரூம் இருக்கிறது என்று சொன்னவர்கள், அம்மாவிடம் அடையாள அட்டை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். விடியும்வரை ஸ்டேஷன் பெஞ்சில் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். காலையில் கடற்கரைக்குப் போனபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஐந்து நிமிஷம் நின்றாள். "போலாம்மா, அசதியா இருக்கு" என்றாள். அவள் வாழ்நாளில் கடல் பார்த்தது அந்த ஐந்து நிமிஷம்தான். எனக்கு இன்னமும் ஆறவில்லை.

அதனால் லாட்ஜுக்கு முன்பணம் கட்டி, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஆதாரும் கையில் இருக்கட்டும். மாடி ஏறாத ரூமாகக் கேளுங்கள். 9 மணிக்குள் அம்மாவைப் படுக்க வைத்துவிடுங்கள்.

ஞாயிறு ஐந்தரைக்கெல்லாம் மெரினாவுக்குப் போய்விடலாம். மணல் அகலம், முட்டி வலிக்காரர்களுக்குச் சிரமம். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மாற்றுத்திறனாளிகளும் வயதானவர்களும் தண்ணீர்ப் பக்கம் போவதற்கென்றே மரப்பாதை போட்டிருக்கிறார்கள். அந்த வழியாகக் கூட்டிப்போங்கள். இழுப்பு அதிகம், குளிக்க வேண்டாம். கால் மட்டும் நனைக்கட்டும், கையை விடாதீர்கள். மாற்றுப் புடவை ஒன்று பையில் இருக்கட்டும்.

திரும்புகிற ரயிலைச் சாயங்காலத்துக்குப் பதிவு செய்யுங்கள். காலையில் அம்மா போதும் என்று சொல்கிறவரை நீங்கள் மணி பார்க்க வேண்டியிருக்காது.

அன்புடன்,
அக்கா